இட்லித் துணியால் கட்டிய கால்

பீங்கான் உடைகிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் குடியிருக்கும் யாருக்கும் இருக்காது. நான் வேலை செய்யும் கம்பெனியில் வாஷ்பேசினும் வெஸ்டர்ன் கக்கூஸும் செய்கிறோம். சூளையிலிருந்து இறக்கும்போது ஒன்று, அடுக்கும்போது ஒன்று என்று நாள் முழுக்க ஏதாவது உடைந்துகொண்டேதான் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் மட்டும் முதல் வாரம் பதறித் திரும்புவார்கள். அப்புறம் அவர்களுக்கும் காது மரத்துவிடும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் படாரென்று கேட்டபோது, நான் இட்லிச் சட்டியைவிட்டு நகரவே இல்லை. மூடியைப் போட்டுவிட்டு, "ஒடச்சாச்சா? ரொம்ப சந்தோசம். அந்தத் துண்டையெல்லாம் நீங்களே பொறுக்கிப் போடுங்க, என்னால குனிய முடியாது" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷர். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வார். பதில் இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. சட்டினிக்குத் தேங்காயைக்கூட எடுத்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு முருங்கை மரம். அதன் அடியில் ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ். சிரிக்க வேண்டாம், எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். மேல்பூச்சான கிளேஸில் புள்ளி விழுந்தது, வாய் கோணியது என்று கம்பெனியில் கழித்துப்போடும் சாமானை 'செகண்ட்ஸ்' என்போம். அதை ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். பேசினில் கோழிக்குத் தண்ணீர் வைப்போம். ஃபிளஷ் டேங்கைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து மீன் ஆய்வோம். தண்ணீர்க் குழாயே பார்க்காத கக்கூஸில் துளசி வளரும். எங்கள் வீட்டுக் கக்கூஸ் ஏணி. முருங்கைக்கீரை ஒடிக்க, கொடிக்கயிறு கட்ட, எதற்கும் அவர் அதன்மேல்தான் ஏறி நிற்பார்.

அவருக்கும் எங்கள் கம்பெனிதான், வேலையே தட்டிப் பார்ப்பதுதான். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் சின்ன மரக்கட்டையால் தட்டுவார். ணங்கென்று கேட்டால் நல்ல சாமான். டொக்கென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ விரிசல். அவர் காது தப்பாது என்று கம்பெனியே சொல்லும், அவரும் சொல்லிக்கொள்வார், அதுதான் தாங்காது. கடையில் சில்வர் குடம் வாங்கினாலும் தட்டுவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைத் தட்டிப் பார்க்காமல் விட்டாரே என்று நான் கேலி பண்ணுவேன். இந்தக் கக்கூஸைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கும் என் கண்ணெதிரில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். "கேட்டியா? கண்ணுக்குத்தான் கொறை. இதுமேல யானை ஏறலாம்."

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனேன். இன்னும் நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் போனேன்.

அவர் மரத்தடியில் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். ஒரு கையில் முருங்கைக் கொத்து அப்படியே இருந்தது. கக்கூஸ் நான்கைந்து பெரிய துண்டாகப் பிளந்து கிடந்தது. உடைந்த பீங்கானின் விளிம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பிளேடு தோற்றுவிடும். ஒரு துண்டு முழுக்கச் சிவப்பு. முதலில் எனக்கு அது ரத்தம் என்றே படவில்லை, இந்தக் கலர் கிளேஸ் நம்மிடம் கிடையாதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மனசு என்ன கண்றாவியெல்லாம் பண்ணுகிறது பாருங்கள்.

அப்புறம் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்பக்கம், கொஞ்சம் மேலே, சதை வாய் பிளந்து இருந்தது. ரத்தம் வழியவில்லை. பீச்சி அடித்தது. விட்டு விட்டு அடித்தது. மண் அதைக் குடிக்க முடியாமல் குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. தேங்காயை வீசிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமில்ல, கீறிடிச்சு" என்றார் அவர். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

வீட்டில் முதலுதவிப் பை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் ஒருநாள் பெண்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு நர்ஸம்மா வந்து சொல்லிக்கொடுத்தாங்க. தண்ணீர் பாட்டிலில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பீச்சுகிற தண்ணீரைத் துணி திணித்து நிறுத்தச் சொன்னாங்க. நாங்கள் சேலையெல்லாம் நனைந்து விழுந்து விழுந்து சிரித்தோம். "சிரிங்க, ஆனா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. துணிய காயத்துக்கு உள்ள திணிச்சு, ஒடம்பு பாரத்தப் போட்டு அமுக்குங்க. நனைஞ்சா மேலயே இன்னொண்ணு வைங்க. நின்னுட்டுதான்னு எடுத்து மட்டும் பாக்காதீங்க. எடுத்தா மறுபடியும் மொதல்லேந்து ஊத்தும்" என்றாங்க. போகும்போது ஆளுக்கொரு சிவப்புப் பை கொடுத்தாங்க. பெரிய முக்கோணத் துணி, சுருட்டிய கிரேப் பேண்டேஜ், கனமான பஞ்சுப் பட்டை, கையுறை, கத்தரிக்கோல் எல்லாம் உள்ளே இருந்தன.

உள்ளே ஓடி ஆணியில் மாட்டியிருந்த பையைப் பிடுங்கித் திறந்தேன். புளித்த தயிர் வாடை அடித்தது. ஒரு சாப்பாட்டு டப்பாவும் ஒரு ஸ்பூனும் இருந்தன.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் ஆறவில்லை. ஜிப் நன்றாக இருக்கிறது என்று பையைச் சாப்பாட்டுப் பையாக்கியது நான். கையுறை இரண்டும் அவர் மீசைக்குச் சாயம் பூசப் போயிற்று. பஞ்சுப் பட்டை ஆடுகிற பிரிட்ஜின் காலுக்கடியில். கிரேப் பேண்டேஜைத் தோட்டத்து ஹோஸ் பைப்பில் ஓட்டை விழுந்த இடத்தில் அவர்தான் சுற்றினார், அதையும் ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முக்கோணத் துணி நல்ல மெல்லிசுத் துணி, இட்லிக்கென்றே நெய்த மாதிரி இருந்தது. மனுஷன் உயிருக்கென்று கொடுத்ததை வீடு முழுக்கப் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். இதைச் சொல்லித் திட்டவும் அங்கே நேரமில்லை.

பையை வீசிவிட்டு வெளியே ஓடிவந்து இரண்டு உள்ளங்கையையும் காயத்தின்மேல் வைத்து அழுத்தினேன். சூடாக இருந்தது. ரத்தம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விரலிடுக்கில் பொங்கி வந்தது.

"அக்கா" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தாங்க. அவங்களும் எங்கள் கம்பெனிதான், மோல்டு, அதாவது அச்சு, ஊற்றும் பகுதியில் வேலை. பார்த்தவுடன் மறைந்துவிட்டாங்க. பயந்து ஓடிட்டாங்க என்று நினைத்தேன். இல்லை, இரண்டு கை நிறைய வெள்ளைத் தூளோடு ஓடிவந்தாங்க. பிளாஸ்டர் தூள். மோல்டு செய்கிற தூள்.

"கைய எடு தங்கச்சி, இத போட்டு அப்பு. தண்ணிய உறிஞ்சற மாதிரி உறிஞ்சிரும், ஒடனே நின்னுரும்."

அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் கம்பெனியில் விரல் வெட்டுப்பட்டால் எல்லோரும் அதைத்தான் ஒரு சிட்டிகை வைப்பார்கள், பலர் வீட்டிலும் ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். பிளாஸ்டர் மோல்டு களிமண் கூழிலிருந்து தண்ணீரைக் குடிப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். ரத்தத்தையும் குடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அந்தத் தூள் ஈரம் பட்டு இறுகும்போது கையைச் சுடும், கல்லாகிவிடும். அவ்வளவு பெரிய காயத்துக்குள் அது போனால் என்ன ஆகும்?

"போட சொல்லு, போட சொல்லு" என்று அவரும் முனகினார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "யோவ், வாய மூடிட்டு அசையாம கெட" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்கா குனிந்து தூளைக் கொட்ட வந்தாங்க. கையை எடுக்க முடியாததால் முழங்கையால் அவங்க கையை ஓர் இடி இடித்தேன். தூளெல்லாம் ரத்தக் குட்டையில் கொட்டியது. அவங்க அப்படியே அதில் கையை ஊன்றி விழுந்தாங்க.

"அக்கா, திட்றத அப்பறம் திட்டு. இட்லிச் சட்டியில துணி இருக்குது, அத எடுத்துட்டு ஓடியா."

"இட்லித் துணியா?"

"ஆமா, அதான் மருந்துத் துணி. ஓடு."

ஆவி பறக்க, இட்லி ஒட்டியபடியே கொண்டுவந்தாங்க. உதறு உதறு என்றேன். வேகாத இட்லி நாலு பக்கமும் தெறித்தது. துணி கையைச் சுட்டது. சுடட்டும் என்று ஒரு முனையைப் பிடித்து அந்த வாய்க்குள் திணித்தேன். திணிக்கத் திணிக்க உள்ளே போனது. மனுஷன் காலுக்குள் இவ்வளவு இடமா! அவர் ஒரு சத்தம் போட்டார், அதை எழுத என்னிடம் எழுத்து இல்லை. மிச்சத் துணியை மேலே வைத்து, எழுந்து முழங்காலிட்டு, என் பாரம் முழுவதையும் இரண்டு கைக்குள் இறக்கினேன்.

தெரு கூடிவிட்டது. ஆம்புலன்சுக்கு யாரோ போன் போட்டார்கள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதற்குள் ஆளுக்கொரு யோசனை. காப்பித்தூள் என்றார் ஒருவர். தண்ணி குடுங்க என்றார் ஒருவர். அதைவிட ஒரு பேச்சைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. "நின்னுட்ட மாதிரி இருக்குது, கொஞ்சம் எடுத்துப் பாரேன்."

எனக்கும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்கிற கைதானே இது. என் கைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது பெரிய கொடுமை. நின்றுவிட்டதா, உள்ளேயே ஓடுகிறதா, நான் அழுத்துவது சரியான இடம்தானா? ஒருதரம் சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கினேன். ஓரத்தில் சிவப்பாக ஊறியது. அவ்வளவுதான், அதற்கப்புறம் சாமியே வந்து எடு என்றாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பைப்பில் சுற்றினதை எடுங்க என்று நான் கத்தியதை அவர்தான் காதில் வாங்கி, ஹோஸ் பைப்பில் இருந்த கிரேப் பேண்டேஜைப் பிய்த்து எடுத்தார். பைப்பு நாலு பக்கமும் பீச்சி எல்லோரையும் நனைத்தது. என் கையை எடுக்காமல் கையோடு சேர்த்தே முதல் சுற்றுச் சுற்றச் சொல்லி, அப்புறம் ஒவ்வொரு கையாக உருவி, மேலே இறுக்கிச் சுற்றினோம். சுற்றின பிறகும் நான் அமுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆம்புலன்ஸு ரயில்வே கேட்டாண்ட நிக்கிதாம், ரயிலு போவணும்" என்றார் ஒருவர்.

"நம்ம வண்டியிலயே போயிருவோம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். பீங்கான் சாமான் உடையாமல் இருக்க வண்டியில் எப்போதும் வைக்கோல் பரப்பியிருக்கும். அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். நான் குறுக்கே படுத்த மாதிரி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. என் கை மரத்துப்போய் யாரோ ஒருத்தருடைய கை மாதிரி இருந்தது.

அவர் கண் செருகிச் செருகி மேலே போனது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். என்ன பேசுவது? கரண்டு பில்லு கட்டினீங்களா, யோவ், கேக்குதா, கட்டினியா? உதட்டை நக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். காதைக் கிட்டத்தில் கொண்டுபோனேன்.

"சத்தம் நல்லாதான் இருந்துது" என்றார்.

மனுஷன் சாகக் கிடக்கிறார், கக்கூஸுக்குச் சாட்சி சொல்கிறார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மாற்றின பிறகும் என் விரல் மடங்கியபடியே இருந்தது. "விடும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு நர்ஸு ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாங்க. உள்ளே கொண்டுபோய்க் கட்டைப் பிரித்த டாக்டரம்மா, துணி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாங்களாம். கதவைத் திறந்து, "யாரு கட்டினது? இது என்னா வெள்ளையா?" என்று கேட்டாங்க.

"இட்லிங்க" என்றேன்.

அவங்க சிரிக்கவில்லை. "பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. இத திணிக்கலன்னா இங்க வர வரைக்கும் தாங்கியிருக்க மாட்டாரு. கால் தப்புமான்னு இப்ப சொல்ல முடியாது, பாண்டிச்சேரிக்கு அனுப்பறோம்" என்றாங்க. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சேலை முழுக்க ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. தாங்கியிருக்க மாட்டார் என்கிற சொல் மட்டும் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தேங்காய் எடுத்துக்கொண்டு நின்றேனே.

பாண்டிச்சேரியில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். கால் தப்பியது. கட்டைவிரலில் உணர்ச்சி வரவில்லை, நடையில் ஒரு இழுப்பு வந்துவிட்டது, ஆனால் ஆள் முழுசாகத் திரும்பி வந்தார். மாற்றுத்துணி எடுக்க நான் நடுவில் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அக்கா தோட்டத்தைக் கூட்டி, துண்டையெல்லாம் அள்ளிப்போட்டுச் சுத்தமாக வைத்திருந்தாங்க. ஒன்றை மட்டும் அவங்களால் எடுக்க முடியவில்லை. கொட்டிய பிளாஸ்டர் தூள் அந்த ரத்தத்தைக் குடித்து மண்ணோடு கல்லாக இறுகிக் கிடந்தது. பழுப்புச் சிவப்பு. அதன் நடுவில் அக்கா கை ஊன்றின இடம், ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாங்க. "இது உள்ள போயிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. இருவருமாகக் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தோம்.

அதற்கப்புறம் நான் வேறு ஆளாகிவிட்டேன். எங்கள் வீட்டில் செகண்ட்ஸ் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று கோழித் தண்ணீர் பேசின் வரைக்கும் தூக்கி வெளியே போட்டேன். மருந்துக்கடையில் ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்கிச் சிவப்புப் பையை மறுபடியும் நிரப்பினேன். யார் கையும் எட்டக்கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறி, பின்கதவுக்கு மேலே உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். "இதுல யாராவது கை வச்சீங்க, நடக்கறதே வேற" என்றேன். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

கட்டெல்லாம் பிரித்து, அவர் மறுபடியும் வேலைக்குப் போகப்போகிறார் என்றிருந்த நேரம். நான் ஷிப்டு முடிந்து வந்தேன். வீட்டில் சத்தமில்லை. தோட்டத்துப் பக்கம் போனேன்.

பின்கதவு வாசலில், அக்கா வீட்டு ஃபிளஷ் டேங்கைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். பாரம் முழுக்க நல்ல காலில், இழுக்கிற கால் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டிச் சிவப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். மீசைக்குச் சாயம் கலந்த கிண்ணம் கீழே இருந்தது. கையுறை எடுக்க ஏறியிருக்கிறார்.

கத்தினால் திடுக்கிட்டு அசைவார் என்று பயந்து மெதுவாக, "நாற்காலி இருக்குதே" என்றேன்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அது ஆடுது. பிளாஸ்டிக்க எப்படி நம்பறது? இத தட்டிப் பாத்துட்டுதான் ஏறனேன். ணங்குனு இருக்குது."

கிட்டே போனேன். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் அந்தத் தழும்பு நீளமாகப் பளபளவென்று தெரிந்தது. இரண்டு கையாலும் அதன்மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ, இன்னா பண்ற, விடு, எறங்கறேன்" என்றார்.

நான் விடவில்லை.